மூன்று பென்ஸ் வரி: அமெரிக்கக் குடியேற்றங்கள் பேரரசை விட்டு விலகிய வரலாறு

1773ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. பள்ளிப் பாடநூல் வழியாக இந்நிகழ்ச்சியை அறிந்தோர் பலரும், வரிச்சுமை தாங்காத மக்கள் பொங்கி எழுந்தனர் என்றே நினைவில் வைத்திருப்பர். ஆனால் அந்தத் தேயிலை, அதுவரை அமெரிக்கர்கள் சட்டப்படி வாங்கிவந்த தேயிலையைவிட மலிவானது. அதனை மலிவாக விற்பதற்கு வழிசெய்யும் சட்டமொன்றைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில்தான் இயற்றியிருந்தது. அதன்மேல் இருந்த வரியும் புதிதன்று. இராத்தலுக்கு மூன்று பென்ஸ் என 1767இல் விதிக்கப்பட்ட பழைய வரிதான். பிரிட்டனில் வாழ்ந்த ஒருவர் அக்காலத்தில் அரசுக்குச் செலுத்தியதோடு ஒப்பிட்டால், அமெரிக்கக் குடியேறி ஒருவர் செலுத்தியது மிகச் சிறிய தொகை.

வரி குறைவு, சரக்கு மலிவு, இருந்தும் கிளர்ச்சி. இம்முரணைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், 'எவ்வளவு வரி' என்ற கேள்வியிலிருந்து 'யார் விதிக்கும் வரி' என்ற கேள்விக்கு நகர வேண்டும். 1763 முதல் 1776 வரை லண்டன் இயற்றிய சட்டங்களை வரிசையாகப் படிப்போருக்கு ஒன்று தெளிவாகும். எதிர்ப்பு எழுந்தபோதெல்லாம் லண்டன் வரியைக் குறைத்தது, அல்லது நீக்கியது. வரி விதிக்கும் உரிமையை மட்டும் ஒருமுறைகூட விட்டுக்கொடுக்கவில்லை.

*வெற்றியின் விலை*

ஏழாண்டுப் போர் 1763இல் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. பிரான்சு வட அமெரிக்கப் பெருநிலத்தை இழந்தது. கனடா பிரிட்டனின் கைக்கு வந்தது. அதே வேளையில் பிரிட்டனின் தேசியக் கடன் ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கியிருந்தது. உள்நாட்டில் மேலும் வரி விதிப்பது எளிதன்று என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 1763இல் ஆப்பிள் மதுவின்மேல் விதிக்கப்பட்ட வரிக்கு எதிராக இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளே கொந்தளித்தன.

அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தாயிரம் படைவீரர்களை நிலைநிறுத்துவது என அரசு முடிவு செய்திருந்தது. அவ்வாண்டிலேயே பான்டியாக் என்ற தலைவரின் பெயரால் அறியப்படும் பூர்வகுடிகளின் எழுச்சி மேற்கு எல்லையில் வெடித்தது. அக்டோபர் மாதத்தில் மன்னரின் பிரகடனம் ஒன்று, அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடைசெய்தது. பூர்வகுடிகளோடு மேலும் போர் மூளாமல் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் உள்ளிட்ட வர்ஜீனியாவின் நிலக்கிழார்கள் அந்த மேற்கு நிலங்களின்மேல்தான் கண்வைத்திருந்தனர்.

லண்டனின் வாதம் எளிமையானது. குடியேற்றங்களைக் காக்கவே படை. ஆகவே அதன் செலவில் ஒரு பகுதியைக் குடியேறிகள் ஏற்க வேண்டும். கணக்கு என்ற அளவில் இதில் குறைகாண்பது கடினம். ஆனால் அமெரிக்கர்களின் பார்வையில், பிரெஞ்சுக்காரர் வெளியேறிய பின் அப்படையின் தேவையே ஐயத்துக்குரியதாக இருந்தது.

*வரியைக் குறைத்த முதல் சட்டம்*

பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் 1764இல் கொண்டுவந்த சர்க்கரைச் சட்டம், மொலாசஸ் எனப்படும் கரும்புக் கழிவுப்பாகின் மீதான சுங்கத்தைக் காலனுக்கு ஆறு பென்சிலிருந்து மூன்று பென்சாகக் குறைத்தது. நியூ இங்கிலாந்தின் ரம் வடிப்பாலைகள் இப்பாகை நம்பியே இயங்கின. 1733இல் விதிக்கப்பட்ட ஆறு பென்ஸ் சுங்கம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து கடத்திவருவதும் சுங்க அலுவலருக்குக் கையூட்டு அளிப்பதும் வணிகத்தின் இயல்பான செலவாகிவிட்டிருந்தன.

கிரென்வில் வரியைக் குறைத்தார். அதே கையோடு வசூலை இறுக்கினார். கப்பல் தலைவர்கள் சரக்கு ஒவ்வொன்றுக்கும் விரிவான ஆவணங்கள் வைத்திருக்க வேண்டியதாயிற்று. சுங்க வழக்குகளை, ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றங்களுக்குக் கொண்டுசெல்ல வழி ஏற்பட்டது. நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் அதற்கென ஒரு புதிய நீதிமன்றமும் நிறுவப்பட்டது. தன் ஊரார் அடங்கிய ஜூரியின் முன் விசாரிக்கப்படுவதை ஆங்கிலேயரின் பிறப்புரிமை எனக் கருதிவந்த வணிகர்களுக்கு இது பேரதிர்ச்சி. அவ்வாண்டே நிறைவேறிய நாணயச் சட்டம், குடியேற்றங்கள் வெளியிட்டுவந்த தாள்பணத்தைச் செல்லத்தக்க பணமாக அறிவிப்பதைத் தடுத்தது. வெள்ளி நாணயத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், புதிய வரிகளும் பணமுடையும் ஒருசேர வந்தன.

*முத்திரையும் மொழியும்*

1765 மார்ச் 22ஆம் நாள் முத்திரைத்தாள் சட்டம் நிறைவேறியது. நவம்பர் 1 முதல் வழக்குத்தாள், நிலப்பத்திரம், உரிமம், பட்டச்சான்று, நாளேடு, பஞ்சாங்கம், விளம்பரம், சீட்டுக்கட்டு, பகடை என ஒவ்வொன்றும் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். இது பிரிட்டனுக்குப் புதிதன்று. அங்கே 1694 முதலே முத்திரைத் தீர்வை நடைமுறையில் இருந்தது. அமெரிக்காவில் அச்சட்டம் தொட்ட மக்கள் எத்தகையோர் என்பதை லண்டன் எண்ணிப்பார்க்கவில்லை. வழக்கறிஞர், அச்சகத்தார், வணிகர், மதுக்கடைக்காரர் ஆகியோரே ஊரில் அதிகம் பேசுவோரும் எழுதுவோரும். ஒரே சட்டத்தால் இவர்கள் அனைவரின் தொழிலிலும் ஒருசேரக் கைவைத்தது அரசு.

இச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதப்படும் அல்லது அச்சிடப்படும் ஆவணங்களுக்குத் தீர்வை இரு மடங்கு. பென்சில்வேனியாவின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஜெர்மன் பேசியோர். அவர்களுக்கெனத் தனி அச்சகங்களும் செய்தித்தாள்களும் இருந்தன. தாய்மொழியில் செய்தி படித்ததற்காகவே அவர்கள் அண்டைவீட்டு ஆங்கிலேயரைப் போல் இருமடங்கு தீர்வைச் சுமையை ஏற்க வேண்டும் என்றது சட்டம். பிலடெல்பியாவில் ஹைன்ரிக் மில்லர் நடத்திய ஜெர்மன் ஏடு இவ்விதியின் தாக்கத்துக்கு உள்ளாகவிருந்த ஏடுகளுள் ஒன்று. பதினோராண்டுகளுக்குப் பின், 1776 ஜூலை 5ஆம் நாள், விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட செய்தியை முதன்முதலில் வெளியிட்டது அதே ஏடுதான், ஜெர்மன் மொழியில்.

எதிர்ப்பு பல முனைகளில் எழுந்தது. வர்ஜீனியாவின் சட்டமன்றத்தில் மே மாதம் பேட்ரிக் ஹென்றி தீர்மானங்களை முன்மொழிந்தார். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் முத்திரைத்தாள் வழங்கும் பொறுப்பேற்கவிருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஓர் எல்ம் மரத்தில் தொங்கவிடப்பட்டது. அதே மாதம் 26ஆம் நாள் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் மாளிகை சூறையாடப்பட்டது. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடினர். முத்திரைத்தாள் முகவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகினர். ஜார்ஜியாவில் சிறிது காலம் நடந்த விற்பனையைத் தவிர, பதின்மூன்று குடியேற்றங்களில் அச்சட்டம் செயலுக்கே வரவில்லை.

*'பிரதிநிதி' என்ற சொல்*

இங்கே இரு தரப்பினரும் ஒரே சொல்லை இரு பொருளில் வழங்கினர். தாம் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இசையாமல் தம்மீது வரி விதிக்கலாகாது என்றனர் குடியேறிகள். அதற்கு மறுமொழியாக, சட்டத்தை வரைந்தவர்களுள் முதன்மையானவராகிய தாமஸ் வாட்லி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை. இங்கிலாந்து மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையும் இல்லை. ஆயினும் உறுப்பினர் ஒவ்வொருவரும் பேரரசு முழுமைக்கும் பிரதிநிதி என்பதால் அவர்கள் அனைவரும் 'கருத்தளவில்' பிரதிநிதித்துவம் பெற்றவரே. அமெரிக்கர்களும் அவ்வாறே என்றார்.

மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டூலனி அதே ஆண்டில் இதனை மறுத்து எழுதினார். மான்செஸ்டர்க்காரர்மீது விழும் வரி, அதற்கு வாக்களித்த உறுப்பினர்மீதும் விழும். ஆகவே அங்கே இருவர் நலனும் பின்னிக் கிடக்கிறது. அமெரிக்கர்மீது விதிக்கும் வரியோ உறுப்பினரின் சுமையைக் குறைக்கும். அவ்வாறிருக்க அவர் எங்ஙனம் அமெரிக்கருக்குப் பிரதிநிதியாவார்? அமெரிக்காவில் உறுப்பினர் என்பவர் ஊரார் தேர்ந்து, அறிவுரை கூறி அனுப்பும் ஆள். இங்கிலாந்தில் அவர் நாடு முழுமைக்கும் சிந்திக்கும் பெருமகன். ஒன்றரை நூற்றாண்டு தனித்து வாழ்ந்ததில் ஒரே சொல்லுக்கு இரு பொருள் விளைந்திருந்தது. வரி வந்து உரசும்வரை அது எவருக்கும் தெரியவில்லை.

*நீக்கமும் அறிவிப்பும்*

குடியேறிகள் பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணித்தனர். வணிகம் சரிந்ததால் லண்டன் வணிகர்களே சட்டத்தை நீக்குமாறு வேண்டினர். 1766 மார்ச் 18 அன்று முத்திரைத்தாள் சட்டம் நீக்கப்பட்டது. அமெரிக்க நகரங்களில் மணிகள் ஒலித்தன, வாணவேடிக்கை நடந்தது.

அதே நாளில் மற்றொரு சட்டமும் மன்னரின் ஒப்புதல் பெற்றது. எந்தப் பொருள் குறித்தும், எத்தகைய நிலையிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அது அறிவித்தது. 'வரி' என்ற சொல் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்படவில்லை. அதைவிட விரிந்த சொற்கள் இருந்தன. அயர்லாந்தைக் கட்டுப்படுத்த 1720இல் இயற்றப்பட்ட சட்டமே இதன் முன்மாதிரி. அயர்லாந்தின் நிலையை அறிந்திருந்தோருக்கு இந்த ஒப்புமையே போதிய எச்சரிக்கை. கொண்டாட்டத்தின் நடுவே அதனைக் கூர்ந்து படித்தோர் சிலரே.

*சம்பளம் கொடுப்பவர் யார்?*

1767இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் புதியதொரு வழியைக் கண்டார். முந்தைய ஆண்டு நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்த பெஞ்சமின் பிராங்கிளின், குடியேறிகள் உள்வரியைத்தான் எதிர்க்கின்றனர், துறைமுகத்தில் வாங்கும் வெளிவரியை அல்ல என்னும் கருத்துப்பட விடையளித்திருந்தார். அப்படியானால் வெளிவரியே ஆகட்டும் என்று கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகிய இறக்குமதிகள்மேல் டவுன்ஷெண்ட் தீர்வை விதித்தார்.

பென்சில்வேனிய வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன், ஓர் உழவர் எழுதுவதாக அமைத்த கடிதத் தொடரில் இவ்வேறுபாட்டை உடைத்தார். வணிகத்தை நெறிப்படுத்த விதிக்கும் தீர்வை வேறு; வருவாய் ஈட்ட விதிக்கும் தீர்வை வேறு. வாங்கும் இடம் எதுவாயினும், நோக்கம் வருவாய் என்றால் அது வரியே என்றார். வாதம் இப்போது ஒரு படி மேலே ஏறிவிட்டது. எதிர்ப்பு துறைமுக வரியையும் தழுவிக்கொண்டது.

டவுன்ஷெண்ட் சட்டத்தின் ஆழமான காயம் வேறிடத்தில் இருந்தது. அவ்வருவாயிலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் வழங்கலாம் என்றது அது. பல குடியேற்றங்களில் ஆளுநரின் சம்பளத்தை ஒதுக்கியது அங்குள்ள சட்டமன்றமே. மன்னரின் ஆளைத் தம் சொல்லுக்குச் செவிசாய்க்க வைக்க மக்களிடம் இருந்த ஒரே கடிவாளம் அதுதான். அக்கடிவாளம் அறுபடவிருந்தது. தம்மீது விதிக்கப்படும் வரியைக் கொண்டே தம்மைத் தம் ஆட்சியாளரிடமிருந்து விலக்கிவைக்கிறார்கள் என்று மக்கள் கண்டபோது, பென்ஸ் கணக்கு பொருளிழந்தது.

அதே ஆண்டில், படைவீரருக்கு வேண்டிய பொருள்களை முழுமையாக வழங்க மறுத்த நியூயார்க் சட்டமன்றம், இணங்கும்வரை சட்டம் இயற்றக்கூடாது என நாடாளுமன்றம் ஆணையிட்டது. 1768இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் பிற குடியேற்றங்களுக்கு அனுப்பிய சுற்றுமடலைத் திரும்பப் பெறுமாறு லண்டன் கட்டளையிட்டது. 17 பேர் பணிய, 92 பேர் மறுத்தனர். சுங்க அலுவலரைக் காக்க அவ்வாண்டு அக்டோபரில் பாஸ்டனில் படை வந்திறங்கியது. 1770 மார்ச் 5ஆம் நாள் மாலை, வசைக்கும் பனிக்கட்டி வீச்சுக்கும் நடுவே வீரர்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர்.

அதே மார்ச் 5 அன்றுதான் லண்டனில் பிரதமர் நார்த் பிரபு, டவுன்ஷெண்ட் வரிகளை நீக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தார். தேயிலை வரி நீங்கலாக. அந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்று முந்தைய ஆண்டு மே மாதம் அமைச்சரவை ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளில் முடிவு செய்திருந்தது. வருவாய்க்காக அன்று, உரிமையின் அடையாளமாக. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் 1773இல் கடலில் கொட்டுவதற்கு வரிவிதித்த தேயிலையே இருந்திருக்காது.

*கம்பெனியின் சுமை*

இவ்விடத்தில் வங்காளம் இக்கதைக்குள் வருகிறது. பாஸ்டனில் ஆலிவரின் கொடும்பாவி தொங்கியதற்கு இரண்டு நாள் முன்னர், 1765 ஆகஸ்ட் 12 அன்று, முகலாயப் பேரரசர் ஷா ஆலம் வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கினார். வரி தண்டும் அதிகாரத்தைப் பெற்ற கம்பெனி, 1767 முதல் ஆண்டுக்கு நான்கு லட்சம் பவுண்டு பிரிட்டிஷ் அரசுக்குச் செலுத்த இசைந்தது. 1769–70இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. லட்சக்கணக்கானோர் மாண்ட பின்னரும், 1771ஆம் ஆண்டின் நிலவரி வசூல் பஞ்சத்துக்கு முந்தைய 1768ஆம் ஆண்டின் வசூலை விஞ்சியதாக வாரன் ஹேஸ்டிங்ஸே இயக்குநர்களுக்குத் தெரிவித்தார்.

படைச்செலவும் ஊழலும் 1772இன் கடன் நெருக்கடியும் சேர்ந்து கம்பெனியைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளின. லண்டன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை மலைபோல் குவிந்திருந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் வழங்கியது; அத்தோடு, தேயிலையைத் தன் முகவர்கள் வழியாக அமெரிக்காவில் நேரடியாக விற்கவும் இசைவு தந்தது. இங்கிலாந்தில் செலுத்தும் தீர்வை திருப்பித் தரப்படும். அமெரிக்காவில் மூன்று பென்ஸ் மட்டும் தொடரும். அதனையும் நீக்கிவிடலாம் என்ற யோசனையை நார்த் ஏற்கவில்லை.

இதில் இருவேறு அச்சங்கள் ஒன்றுசேர்ந்தன. மலிவுக்கு மயங்கித் தேயிலையை வாங்கினால் வரி உரிமையை ஒப்புக்கொண்டதாகும். இன்று தேயிலையில் தொடங்கும் தனியுரிமை நாளை எச்சரக்குக்கும் பரவும். உள்ளூர் வணிகரும், ஹாலந்துத் தேயிலையைக் கடத்தி விற்றோரும் ஒரே அணியில் நின்றனர். 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் டிக்கின்சன் எழுதிய மடல், வங்காளத்துப் பஞ்சத்தைச் சுட்டிக்காட்டி, அங்கே இதைச் செய்த நிறுவனம் இங்கே வருகிறது என எச்சரித்தது.

நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் அனுப்பப்பட்ட கப்பல்கள் சரக்கை இறக்காமல் திரும்பின. சார்ல்ஸ்டனில் தேயிலை கிடங்கில் பூட்டப்பட்டது. பாஸ்டனில் ஆளுநராகிவிட்ட ஹட்சின்சன் கப்பல்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். அவர் மைந்தர் இருவரே தேயிலை முகவர்கள். சுங்கம் செலுத்த வேண்டிய கெடு முடிவதற்கு முந்தைய இரவு, மூன்று கப்பல்களிலிருந்த 9,659 பவுண்டு மதிப்புள்ள தேயிலை கடலில் கரைந்தது.

*தண்டனை ஒருவருக்கு, அச்சம் அனைவருக்கும்*

1774இல் நாடாளுமன்றம் அடுத்தடுத்துச் சட்டங்களை இயற்றியது. இழப்பீடு தரும்வரை பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்ஸின் மேலவை உறுப்பினரை இனி மன்னரே நியமிப்பார். ஊர்க்கூட்டங்களை ஆளுநரின் இசைவின்றி ஆண்டுக்கு ஒருமுறைக்குமேல் கூட்டக்கூடாது. குற்றஞ்சாட்டப்பட்ட அரசு அலுவலரை வேறு குடியேற்றத்திலோ இங்கிலாந்திலோ விசாரிக்கலாம். படைவீரர்களுக்கு ஆளில்லாக் கட்டடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றுள் எதுவும் வரிச்சட்டம் அன்று. ஒரு குடியேற்றத்தைத் தனிமைப்படுத்தித் தண்டித்தால் பிற அடங்கும் என்பது லண்டனின் கணிப்பு. மற்றவை அச்சட்டங்களில் தங்கள் எதிர்காலத்தைப் படித்தன. ஒரு பேரவையின் சாசனத்தை ஒரு வாக்கெடுப்பில் மாற்ற முடியுமானால் எந்தச் சாசனமும் நிலையன்று. 1766இன் அறிவிப்புச் சட்டத்தில் ஏட்டில் உறங்கிய சொற்கள் எட்டாண்டுகளில் எழுந்து நின்றன. செப்டம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவில் கூடினர். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன.

*எவருடைய விடுதலை?*

இப்பதின்மூன்று ஆண்டுகளில் குடியேறிகளின் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வரும் சொல் 'அடிமைத்தனம்'. இசைவின்றி வரி செலுத்துவது அடிமைநிலை என்றனர். அவ்வாறு எழுதிய பலர் வீட்டிலும் வயலிலும் விலைக்கு வாங்கிய மனிதர்கள் உழைத்தனர். ஏறத்தாழ 25 லட்சம் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைகள். மாசசூசெட்ஸின் கறுப்பின அடிமைகள் 1773இல் அரசுக்கு விண்ணப்பங்கள் அளித்து, அந்த வாதத்தைத் தமக்கும் பொருத்திக் காட்டினர். அவர்கள் வேண்டிய விடுதலை அப்போது கிட்டவில்லை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகள் மன்னர் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்தபோது, அதுவே பல நிலக்கிழார்களைக் கிளர்ச்சியின் பக்கம் உறுதியாகத் தள்ளியது.

விடுதலைப் பிரகடனம் மன்னர்மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளை இருபத்தேழு என எண்ணுவது வழக்கம். இசைவின்றி வரி விதித்தது அவற்றுள் பதினேழாவது. ஒரே ஒரு வரி. அதன் முன்னும் பின்னும் கலைக்கப்பட்ட சட்டமன்றங்கள், சம்பளத்தால் வளைக்கப்பட்ட நீதிபதிகள், மறுக்கப்பட்ட ஜூரி, மாற்றப்பட்ட சாசனங்கள். பதின்மூன்று ஆண்டுச் சட்டங்களின் பட்டியலே அது.

1778இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் இயற்றியது. தேயிலை வரி நீக்கப்பட்டது. வருவாய்க்காக இனி அமெரிக்கக் குடியேற்றங்கள்மேல் வரி விதிப்பதில்லை என்றும் அது உறுதி கூறியது. 1765இல் கேட்டது முழுமையாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லச் சென்ற தூதுக்குழுவின் எதிரில் இருந்தோர், அதற்குள் பிரான்சோடு உடன்படிக்கை செய்துகொண்ட வேற்று நாட்டினர். வங்காளத்து உழவருக்கோ, அத்தகைய வாக்குறுதியை மறுத்தோ ஏற்றோ பேசுவதற்கு ஒரு சட்டமன்றமே இல்லை. அவர் மேலும் நெடுங்காலம் வரி செலுத்திக்கொண்டிருந்தார்.